காடு நிறைந்த நாட்டில் காகித மரம் எது?

கம்போங் மேடான் அடுக்குமாடிகளுக்குக் கீழே பழைய பேப்பர் லோரி ஒலிபெருக்கியோடு வந்து நிற்பது பெட்டாலிங் ஜெயாக்காரர்களுக்குப் பழகிய காட்சி. சேர்த்து வைத்த நாளிதழ், பிள்ளைகள் எழுதி முடித்த பயிற்சிப் புத்தகம், குளிர்பெட்டி வந்த அட்டை எல்லாம் எடை போட்டு ஏற்றப்படும். காஜாங் முதலிய ஊர்களின் ஆலைகளில் அவை கரைந்து மறுபடி அட்டையாகும். மலேசியாவின் காகித ஆலைகளில் பெரும்பாலானவை மரத்தை வெட்டி ஓடவில்லை. இப்படித் திரட்டிய கழிவுக் காகிதத்தால்தான் ஓடுகின்றன.

அதே வீட்டு மேசையில் இருக்கும் வெள்ளைத் தாள் கட்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் இந்தோனேசியாவிலோ தாய்லாந்திலோ செய்ததாக இருக்கும். நிலப்பரப்பில் பாதிக்கு மேல் காடாக உள்ள நாடு இது. மரப்பலகையை உலகுக்கே விற்ற நாடு. வெள்ளைத் தாளுக்கு மட்டும் ஏன் வெளிநாட்டுக் கூழை நம்ப வேண்டும்?

பழைய காகிதத்தையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் போதாதா என்றும் கேட்கத் தோன்றும். போதாது. ஏன் என்று அறிய, காகிதம் எதனால் ஆனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வேகும் மரம்

ஒரு தாளைக் கிழித்து, கிழிந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அவை மர நார்கள். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் மரத்துக்குள் உயிரோடிருந்த உயிரணு. நீண்டு ஒடுங்கி, நடுவில் புழையுள்ள குழாய். தேக்கு, வேம்பு போன்ற அகன்ற இலை மரங்களில் இந்த நார் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். பைன் மரங்களில் மூன்று மில்லிமீட்டர் வரை போகும்.

மரத்துக்குள் இந்த நார்களை ஒன்றோடொன்று இறுக்கி வைத்திருக்கும் பொருள் லிக்னின். சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் மரச்சில்லுகளைப் போட்டு, அழுத்தக் கலனில் ஏறத்தாழ 170 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வேகவைத்தால் லிக்னின் கரைந்துவிடும், நார் தனித்து நிற்கும். அதுதான் கூழ். மரத்தின் எடையில் பாதிதான் கூழாகத் தேறும். மீதி கரிய நீராக வடிந்து, கொதிகலனில் எரிந்து, ஆலைக்கு வேண்டிய நீராவியைத் தருகிறது.

கூழை நீரில் கலக்கி, சல்லடையில் பரப்பி, உலர்த்தினால் தாள். நார்கள் காய்ந்து நெருங்கும்போது அவற்றின் செல்லுலோஸ் பரப்புகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் தாமாகவே பற்றிக்கொள்கின்றன. பசை எதுவும் தேவையில்லை. நனைந்த தாள் நைந்துபோவதும் இதனால்தான்: இடையில் புகும் நீர் அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிடுகிறது.

லோரியில் போகும் காகிதத்தின் குறை இங்கேதான். ஒவ்வொரு முறை கரைத்து உலர்த்தும்போதும் நார் விறைத்து, ஒடிந்து, குட்டையாகிறது. சில சுற்றுகளுக்குப் பிறகு அது சல்லடையில் நிற்காமல் தண்ணீரோடு போய்விடும். ஆகவே எத்தனை சிக்கனமாக மறுசுழற்சி செய்தாலும் எங்கோ ஓரிடத்தில் புது நார் உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த எங்கோ ஓரிடம் ஏன் நம் காடாக இல்லை?

காட்டின் செழிப்பே சிக்கல்

நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் 1980களின் நடுவில் ஓர் ஆய்வு தொடங்கியது. கெப்போங்கில் உள்ள ஃபிரிம் எனப்படும் மலேசிய வன ஆய்வு நிறுவனமும் வெளிநாட்டு அறிஞர்களும் சேர்ந்து 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் தடித்த ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்தார்கள். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் தேறின. அவற்றில் 800க்கும் மேற்பட்ட இனங்கள். ஐரோப்பா கண்டம் முழுவதிலும் தேடினாலும் இவ்வளவு மர இனங்கள் கிடைப்பது அரிது.

இந்தச் செழிப்பு காகித ஆலைக்குத் தலைவலி. பாசிப்பருப்பையும் கொண்டைக்கடலையையும் ஒரே குக்கரில் போட்டால் என்ன ஆகும்? கடலை வேகும்வரை விட்டால் பருப்பு கரைந்துவிடும். பருப்புக்கு ஏற்றபடி இறக்கினால் கடலை கல்லாக நிற்கும். காட்டு மரங்களும் அப்படியே. செங்கால் மரத்தின் உலர்ந்த கட்டை ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. கெலெம்பாயான் மரம் அதில் பாதிக்கும் குறைவு. ஒன்றில் பிசின், இன்னொன்றில் மணல் துகள் போன்ற சிலிக்கா. எல்லாம் ஒரு கலனில் வெந்தால் சில நார்கள் அழியும், சில வேகாத கட்டிகளாகத் தங்கும்.

வெந்ததா வேகவில்லையா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கூழில் சிறிது எடுத்து, ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் போடுவார்கள். மிஞ்சியுள்ள லிக்னின் அந்த வேதிப்பொருளைச் செலவழிக்கும். செல்லுலோஸ் அதை அவ்வளவாகத் தொடாது. எவ்வளவு ஊதா குறைந்தது என்று கணக்கிட்டால் எவ்வளவு லிக்னின் இன்னும் ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இதன் பெயர் கப்பா எண். கலப்புக் காட்டு மரத்தில் கலனுக்குக் கலன் இந்த எண் தாறுமாறாக ஏறி இறங்கும். வெள்ளைத் தாள் செய்பவருக்கு அது ஆகாது. பழுப்பு அட்டைக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. கொலம்பியாவில் வெப்பமண்டலக் கலப்பு மரங்களிலிருந்து பெட்டி அட்டைக்குக் கூழ் எடுத்திருக்கிறார்கள். ஆனாலும் அதற்காக வெட்டப்படுவது எளிதில் மறுபடி நட முடியாத காடு.

ஆக, காகிதத்துக்கு வேண்டியது நிறைய மரம் மட்டுமல்ல, ஒரே மாதிரி மரம். அதைக் காடு தராது. நட்டு வளர்த்தால்தான் உண்டு.

நல்ல நாரை எப்படி அறிவது?

எந்த மரத்தை நடுவது? உயரத்தையோ பருமனையோ பார்த்துச் சொல்லிவிட முடியாது. தீக்குச்சி அளவு சில்லு ஒன்றைச் சீவி, ஹைட்ரஜன் பெராக்சைடும் அசெட்டிக் அமிலமும் கலந்த நீர்மத்தில் சூடாக்குவார்கள். சில்லு வெளுத்துப் பஞ்சாகும். குலுக்கினால் நார்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்துவிடும். அவற்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் நீளம், அகலம், சுவரின் தடிப்பு, நடுப்புழையின் அகலம் எல்லாவற்றையும் அளப்பார்கள்.

இவற்றில் முக்கியமானது சுவருக்கும் புழைக்கும் உள்ள உறவு. சுவர் மெல்லியதாகவும் புழை அகலமாகவும் இருந்தால், தாளை அழுத்தும்போது குழாய் நசுங்கித் தட்டையாகும். தட்டையான நார்கள் ஒன்றையொன்று பரவலாகத் தொடும், பிணைப்பு கூடும், தாள் உறுதியாகும். சுவர் தடித்திருந்தால் நார் உருண்டையாகவே நிற்கும். தாள் சொரசொரவென்று, எளிதில் பிரியும்படி இருக்கும். இந்தச் சுவர்–புழை விகிதத்தை ருங்கெல் என்ற ஜெர்மானியரின் பெயரால் ருங்கெல் விகிதம் என்பார்கள். அது ஒன்றுக்குக் கீழே இருந்தால் நார் காகிதத்துக்கு ஏற்றது. கனத்த மரங்கள் பலவும் இந்தச் சோதனையில் தோற்கும். வீடு கட்ட உதவும் குணமே தாள் செய்யத் தடையாகிறது.

நுண்ணோக்கியோடு முடிவதில்லை. கொஞ்சம் கூழ் காய்ச்சி, கையால் வட்டத் தாள் வார்த்து, அதைக் கிழித்தும் இழுத்தும் வெடிக்கவைத்தும் பார்த்த பிறகே ஒரு மரம் தேறியதாகச் சொல்வார்கள்.

சபாவுக்கு வந்த வேலமரம்

மலேசியாவில் இந்தத் தேர்வில் முதலில் வென்றது உள்ளூர் மரமல்ல. 1966இல் ஆஸ்திரேலிய வன அதிகாரி டி.ஐ. நிக்கல்சன் குயின்ஸ்லாந்திலிருந்து அக்கேசியா மாஞ்சியம் என்ற வேலமர இனத்தின் விதையைச் சபாவுக்குக் கொண்டுவந்தார். பைன் தோட்டங்களைச் சுற்றி நெருப்புத் தடுப்பு வரிசையாக நடுவதே நோக்கம். வரிசையில் நின்ற வேலி மரம் உள்ளே நின்ற பயிரைவிட வேகமாக வளர்ந்தது. இது அவரை இனம். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் சத்தற்ற, எரிந்துபோன நிலத்திலும் தழைக்கும். நாரும் காகிதத்துக்கு நன்றாகப் பொருந்தியது.

1982இல் சபா ஃபாரஸ்ட் இண்டஸ்ட்ரீஸ் உருவானது. சிப்பித்தாங்கில் எழுந்த அதன் ஆலைதான் மரத்திலிருந்து கூழெடுத்துத் தாளும் செய்த மலேசியாவின் ஒரே பெரிய ஆலை. 2007இல் இந்தியாவின் பல்லார்பூர் இண்டஸ்ட்ரீஸ் அதை வாங்கியது. அடுத்த பத்தாண்டில் பணமுடை அதை முடக்கியது. ஆனால் பணத்தைவிட ஆழமான ஒரு சிக்கல் தோட்டங்களில் இருந்தது.

முதலில் வந்த விதை மிகச் சில தாய்மரங்களுடையது. அந்த மரங்களின் விதை, பிறகு அந்த விதையின் விதை என்று நட்டுக்கொண்டே போனதில் உறவுக்குள் உறவு கலந்து அடுத்த தலைமுறைகளின் வளர்ச்சி தளர்ந்தது. தீபகற்ப மலேசியாவில் பலகைக்காக நட்ட வேலமரங்களில் வேறொரு தொல்லை. இந்த மரம் கீழ்க்கிளைகளை எளிதில் உதிர்க்காது. காய்ந்த கிளையும் கவாத்து செய்த காயமும் பூஞ்சைக்கு வாசலாயின. வெளியே வாட்டமில்லாமல் நின்ற மரம் உள்ளே உளுத்திருந்தது. கூழுக்கு ஆறேழு வருடத்தில் வெட்டுபவர் இதைத் தாங்கிக்கொள்ளலாம். பலகைக்குக் காத்திருப்பவர் தாங்க முடியாது.

பிறகு வந்தது செரட்டோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை. பட்டையில் ஏற்படும் காயம் வழியாகப் புகுந்து நீர் ஏறும் குழாய்களை அடைத்து மரத்தையே வாடவைக்கும். சுமத்ராவில் குரங்கும் அணிலும் உரித்த பட்டை வழியே பரவி, தோட்டம் தோட்டமாக அழித்தது. சபாவும் தப்பவில்லை. தோட்டக்காரர்கள் யூகலிப்டஸ் பக்கம் திரும்பினார்கள். ஒரே மாதிரி மரத்தை ஆலை விரும்பியது. அதே காரணத்துக்காகப் பூஞ்சையும் விரும்பியது.

கடம்பின் முறை

இப்படிப்பட்ட நேரத்தில்தான் யாரும் மதிக்காத உள்ளூர் மரங்களின் மேல் கவனம் திரும்பும். காடு வெட்டிய இடத்தில், சாலை போட மண் தள்ளிய ஓரத்தில், ஆற்றங்கரையில் முதலில் முளைத்து எழும் மரங்கள் சில உண்டு. மாஹாங் அப்படி ஒன்று. கெலெம்பாயான் இன்னொன்று. இவை வெளிச்சம் தேடிகள். நிழலில் முளைக்காது, திறந்த வெளியில் மளமளவென்று உயரும். வேகமாக வளர்வதால் கட்டை லேசு, நார்ச்சுவர் மெல்லியது. பலகைக் கடைக்காரர் ஒதுக்கிய அதே லேசான கட்டை ருங்கெல் சோதனையில் தேறுகிறது.

கெலெம்பாயான் தமிழர்களுக்கு அந்நியமல்ல. நியோலமார்க்கியா கடம்பா என்று தாவரவியலார் குறிக்கும் இது நம் வெண்கடம்பேதான். காப்பிச் செடியின் குடும்பம். மஞ்சள் பந்தாகப் பூக்கும். வேலமரத்தோடு ஒப்பிட்டால் இதற்கு ஒரு நற்குணம்: நிழல் விழுந்த கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிடும். கவாத்து வேண்டாம், கவாத்தால் வரும் காயமும் குறைவு. சரவாக்கில் இதைத் தோட்ட மரமாக நட்டதோடு, மலேசிய சரவாக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கட்டை உருவாகும் திசுவில் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்றும் பட்டியலிட்டார்கள்.

குறையும் உண்டு. இலையைச் சுருட்டித் தின்னும் ஓர் அந்துப்பூச்சியின் புழு இளந்தோட்டத்தை மொட்டையாக்கிவிடும். விதையோ இன்னும் பெரிய சோதனை. ஒரு கிலோவில் சுமார் 2 கோடி விதைகள் இருக்கும். தூசியை விதைப்பதற்குச் சமம். பழுத்த காயை ஊறவைத்து அழுகவிட்டு, கூழைக் கழுவி, உலர்த்திச் சலித்து, மெல்லிய மணலோடு கலந்து தூவ வேண்டும். முளைத்த நாற்றைக் கனத்த நீர்த்துளியே சாய்த்துவிடும். ஈரம் மிஞ்சினால் தண்டடி அழுகும்.

வேர்விடும் வயது

நாற்றைக் காப்பாற்றிவிட்டாலும் அவை ஒன்றுபோல இருக்காது. ஒரே தாய்மரத்தின் விதைகளில் சில வானளாவும், சில கூனிக் குறுகும். ஆகவே சிறந்த மரத்தைத் தேர்ந்து அதையே பிரதியெடுக்க வேண்டும். இப்படி ஒரே மரத்திலிருந்து பாலினக் கலப்பின்றி எடுத்த பிரதிகளைக் குளோன் என்கிறோம். படிமரம் என்றும் சொல்லலாம். தோட்டத்து மக்களுக்கு இது புதிதல்ல. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்று பெயர் சொல்லிப் பால்மரம் வெட்டிய தலைமுறை நம்முடையது. அந்த எண் ஒரு குளோனின் எண். விதைக்கன்றின் பட்டையைக் கீறி, தேர்ந்த மரத்தின் மொட்டைச் செருகி ஒட்டுக் கட்டினார்கள். ஆனால் பால்மரம் முப்பது வருடம் நிற்கும். கைவேலைக்குக் கூலி கட்டும். ஆறேழு வருடத்தில் வெட்டப்போகும், ஹெக்டேருக்கு ஆயிரம் கன்று வேண்டிய காகித மரத்துக்கு ஒட்டுக் கட்டினால் கட்டுப்படியாகாது. முருங்கைப் போத்து நடுவதைப்போலக் குச்சி நட்டு, அது தன் வேரிலேயே நிற்க வேண்டும்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை. நல்ல மரம் என்று தெரிய அது வளர்ந்து நிற்க வேண்டும். வளர்ந்துவிட்ட மரத்தின் குச்சியோ வேர்விடாது. மரத்தின் திசுவுக்கும் முதுமை உண்டு. உச்சிக் கிளைகள் பூக்கும் பருவத்துக்கு வந்துவிட்டால் வேர்விடும் திறனை ஏறக்குறைய இழந்துவிடும். தேர்ந்தெடுக்கலாம் என்னும்போது பெருக்க முடியவில்லை; பெருக்க முடிந்தபோது தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை.

வழி மரத்தின் அடியில் இருக்கிறது. மரத்தின் உச்சி முதுமை அடைந்தாலும் தூர்ப்பகுதி இளமையைக் காத்து வைத்திருக்கிறது. தேர்ந்த மரத்தைத் தரையோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு தழைக்கும். அந்தத் துளிர்கள் இளங்கன்றின் குணத்தோடு வரும், வேர்விடும். அவற்றைக் கிள்ளி, இலைகளைப் பாதியாக நறுக்கி, வேரூக்கி தடவி, பனித்துளி தெளிக்கும் கூடாரத்தில் ஊன்றினால் சில வாரங்களில் கன்று தயார். அந்தக் கன்றுகளையே முழங்கால் உயர வேலியாக நறுக்கி நறுக்கி வைத்துக்கொண்டால் இளமை நீடிக்கும், மாதாமாதம் துளிர் அறுவடை நடக்கும். சில்லுத் திசுவைச் சத்துக் கரைசலில் வளர்க்கும் திசு வளர்ப்பும் இதே இளமையைத்தான் மீட்கிறது, செலவு மட்டும் கூடுதல்.

தேர்ந்த மரம் உண்மையிலேயே நல்ல பிறப்பா, நல்ல மண்ணில் நின்றதால் கொழுத்ததா? காட்டில் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் பல மரங்களின் பிரதிகளை ஒரே நிலத்தில், சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்கி, பல பாத்திகளில் கலந்து நடுவார்கள். எல்லாப் பாத்தியிலும் முந்தும் குளோன் பிறப்பால் சிறந்தது. ஒரு பாத்தியில் மட்டும் முந்துவது மண்ணின் புண்ணியம்.

தமிழ்நாட்டில் இந்தப் பாதை நெடுந்தூரம் போயிருக்கிறது. கரூர் அருகே காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984இல் உற்பத்தி தொடங்கியபோது அதன் முக்கிய மூலப்பொருள் கரும்புச் சக்கை. பின்னாளில் மரக்கூழ் தேவை கூடியதும், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியும் கோவை வன மரபியல் நிலையமும் தேர்ந்த சவுக்கு, மலைவேம்பு குளோன்களை விவசாயிகள் தம் வயலில் நட்டார்கள். பலரும் அறியாத காட்டு மரமாக இருந்த மலைவேம்பு இன்று கொங்கு வட்டாரத்தில் பயிர். காட்டை வெட்டாமல், பயிர் போன நிலத்தில் வளர்ந்த மரம் அது.

இரண்டு காகித முசுக்கட்டைகள்

புது மரத்தைப் பெருக்கும் முறையே அதன் விதியையும் எழுதிவிடும் என்பதற்கு ஒரு மரம் சாட்சி: காகித முசுக்கட்டை. சீனாவில் தொடக்க காலக் காகிதத்துக்கும் ஜாவாவின் டெலுவாங் சுவடிகளுக்கும் இதன் பட்டையே மூலப்பொருள். பசிபிக் தீவுகளுக்கு இதைக் கொண்டுபோன கடலோடிகள் குச்சிகளாகவே கொண்டுபோனார்கள். அந்தக் குச்சிகளின் வழிவந்த மரங்களின் மரபணுவை 2015இல் ஆராய்ந்தவர்கள் வேர் தைவான் வரை செல்வதைக் கண்டார்கள். தீவுகளின் பழைய மரங்கள் பெரும்பாலும் பெண் மரங்கள். ஆண் இல்லாததால் விதை இல்லை, மனிதக் கை படாமல் பரவவில்லை.

கானாவில் நேர்மாறு. 1969இல் காகிதக் கூழுக்கு உதவுமா என்று சோதிக்க இதே மரத்தை அங்கே கொண்டுவந்தார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்தன, பழம் பழுத்தது, பறவையும் வௌவாலும் விதையைச் சுமந்தன. காகித ஆலை எழவில்லை. காட்டின் இடைவெளிகளை எல்லாம் அந்த மரம் ஆக்கிரமித்தது.

கடம்பு நம் மண்ணின் மரம் என்பதால் இந்தப் பயம் குறைவு. ஆனால் ஒரே மாதிரி மரத்தைப் பூஞ்சையும் விரும்பும் என்று வேலமரம் கற்றுத்தந்தது கடம்புக்கும் பொருந்தும். பல வகை நடுவதன் பலனுக்குக் கெப்போங்கில் பக்கத்துச் சான்று ஒன்று இருக்கிறது. ஈயம் தோண்டிப் பாழாக்கிவிட்ட நிலத்தில் 1920களில் தொடங்கிப் பலவகை மரங்களை நட்டு எழுப்பிய வன ஆய்வு நிலையத்தின் காடு 2025இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. நட்ட காடும் காடாக முடியும், வகை பலவாக இருந்தால்.

காகிதத் தோட்டத்தால் அவ்வளவு வகைகளைத் தாங்க முடியாது, கலன் ஒப்புக்கொள்ளாது. ஆனால் ஒரே இனத்துக்குள்ளேயே பல குளோன்களைத் துண்டு துண்டாக நடலாம். ஒரே அடர்த்தி, ஒரே நார், ஆனால் வேறு வேறு தாய். ஆலைக்கு ஒன்றாகத் தெரியும் தோட்டம் பூஞ்சைக்குப் பலவாகத் தெரியும். அதோடு, குளோன் தோட்டத்துக்கு அருகிலேயே விதைவழி மரங்களின் ஒரு பகுதியைத் தொடாமல் விட்டுவைத்தால் நாளைய நோய்க்கு எதிர்ப்பு அங்கிருந்து கிடைக்கலாம். அதற்கு ஆகும் நிலத்தையும் செலவையும் முதல் நாளே கணக்கில் சேர்க்க வேண்டும். கடம்பு நடச் சொல்லி வருகிறவர்கள் எத்தனை அடி வளரும், எத்தனை வருடத்தில் வெட்டலாம் என்று சொல்வார்கள். கன்றை வாங்குமுன் அவர்களிடம் கேட்க வேண்டியது: இவை எத்தனை தாய்மரங்களிலிருந்து எடுத்தவை?